ஜாஸ் மாலைகள் வேண்டி மன்றத்து அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமானில் குட்வில் எஸ்டேட்டிலும் அதையடுத்த தெருக்களிலும் குடியிருந்து, நம் வட்டாரத்து மன்றத்திற்குச் சந்தா செலுத்திவரும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,

மாதத்தில் ஒரு மாலை மன்றக் கூடத்தில் ஜாஸ் இசை வாசிக்க அநுமதிக்க வேண்டும் என்றும், பருவத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஒரு விருந்துக் கலைஞரை வரவழைக்க மன்றம் உதவ வேண்டும் என்றும் நம் பிள்ளைகள் சிலர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் முழுவதும் வாசிக்கக்கூட விடாமல் தள்ளிவிட்டீர்கள். ‘அது நமக்கு ஒத்துவராத அந்நிய சங்கீதம்’ என்றார் ஒருவர். ‘மதுக்கடைப் பாட்டு’ என்றார் மற்றொருவர். ‘கடல் தாண்டி இங்கே யார் வருவார், வந்தால் எவ்வளவு கேட்பார்’ என்றார் வேறொருவர். அத்துடன் தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறியபோது அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். அன்று நான் வாய் திறக்க இடமில்லாமற் போயிற்று. ஆகவே இதை எழுதுகிறேன். மூன்று ஆட்சேபங்களும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் மூன்றும் ஆராயாமல் சொல்லப்பட்டவை என்பதே என் அபிப்பிராயம். அதைப் பொறுமையோடு கேட்டு, பிறகு உங்கள் தீர்மானத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

முதலில் நம் மாலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். பெருநிலத்தின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கிழக்கே 92 பாகைக்கும் அப்பால் வாழ்கிற நமக்கு, மார்கழியில் ஐந்து மணி சற்றே கடந்ததும் விளக்கேற்ற வேண்டியதாகிவிடுகிறது. கோடையிலும் ஆறு மணிக்குமேல் வெளிச்சம் தங்குவதில்லை. சென்னையில் இருப்பவன் அலுவலகத்தை விட்டுப் புறப்படும் வேளையில் நமக்கு இரவே தொடங்கிவிடுகிறது. இவ்வளவு நீண்ட மாலையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? மன்றக் கூடத்தில் ஒரு மூலையில் சீட்டாட்டம், ஒரு மூலையில் தொலைக்காட்சி. கல்யாண வரவேற்போ பிறந்தநாளோ வந்தால் வாடகை ஒலிபெருக்கியில் சுவர் அதிரப் பதிவுசெய்த பாட்டு. மனிதர் ஒருவர் நம் கண்ணெதிரே அமர்ந்து, தம் மூச்சாலும் விரலாலும் ஒரு ராகத்தையோ தாளத்தையோ உண்டாக்கிக் காட்டும் அநுபவம், பங்குனி உத்திரத்தில் வெற்றிமலை முருகன் சந்நிதியிலே நாகஸ்வரமும் தவிலும் முழங்கும் நாட்களை நீக்கினால், நம் பிள்ளைகளுக்கு ஆண்டில் எத்தனை முறை வாய்க்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்நிய சங்கீதம் என்ற ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஜாஸ் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியார் உண்டாக்கிய சங்கீதம் என்பது உண்மையே. ஆனால் அது தமிழரின் செவிக்கு நேற்றுப் புதிதாக வந்ததன்று. 1958-ஆம் ஆண்டு டேவ் புரூபெக் என்ற பியானோ வித்துவான் தம் நால்வர் குழுவோடு இந்தியாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது சென்னைக்கும் வந்தார். அங்கே வானொலி நிலையத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டுப் பிரமித்தார். அவருடைய டிரம்ஸ் வித்துவான் ஜோ மொரெல்லோவும் பிள்ளையவர்களும் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். புதுக்கோட்டைப் பரம்பரையின் மகா வித்துவானான ஒருவர், இது அந்நியம் என்று எழுந்து போய்விடாமல், எதிரே இருந்தவரின் லயத்தைக் காது கொடுத்துக் கேட்டு மறுமொழி வாசித்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. அடுத்த ஆண்டில் அதே குழு வெளியிட்ட ‘டைம் அவுட்’ என்ற இசைத்தட்டில், ஐந்து அட்சரக் கணக்கில் அமைந்த ‘டேக் ஃபைவ்’ உலகமெங்கும் பரவியது. கண்ட நடையிலே கைத்தாளம் போட்டுப் பழகிய நம் வீட்டுக் குழந்தைகள் அதைக் கேட்டால், மேனாட்டாரைக் காட்டிலும் எளிதாகக் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

1963-இல் டியூக் எலிங்டன் தம் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு கொழும்புக்கும் சென்னைக்கும் வந்து வாசித்தார். அந்தத் தசாப்தம் முடியும் தறுவாயில், சென்னை மவுண்ட் ரோடில் சஃபையர் திரையரங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்ற சிறிய விடுதியில், பட்டுப்புடவை கட்டிய ஓர் ஐயர் வீட்டுப் பெண் மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிறகு கல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸில் பாடிப் பெயர் பெற்ற அவரைத்தான் இன்று நீங்கள் உஷா உதுப் என்று அறிவீர்கள். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்நாடக சங்கீதத்துக்கு இசைவித்து நம் கோயில்களிலும் சபைகளிலும் வாசித்தபோது நீங்களெல்லாம் மெய்ம்மறந்து கேட்டீர்கள்; அவரே ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடு சேர்ந்து 2008-இல் ‘கின்ஸ்மென்’ என்ற இசைத்தட்டையும் வெளியிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் இன்று உலகின் தலைசிறந்த ஜாஸ் பியானோ வித்துவான்களுள் ஒருவராக எண்ணப்படுகிறார். சென்னையைச் சேர்ந்த மாதவ் சாரி, 2015-இல் மறையும்வரை, அந்நகரத்து ரசிகர்களுக்கு ஜாஸை எப்படிக் கேட்க வேண்டும் என்று வாசித்தும் விளக்கியும் வந்தார். வயலினையும் ஆர்மோனியத்தையும் சுவீகரித்துக்கொண்ட ஜாதி நாம். ஒரு சங்கீதம் எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்டு நம் முன்னோர் கதவைச் சாத்தியிருந்தால் நமக்கு இன்று பக்கவாத்தியமாக வயலினே இருந்திராது.

இனி, உங்களில் பலர் இந்த இசையை நேரில் கேட்டதில்லை என்பதால், அது நடைபெறும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் என் வாதம் முழுவதும் அந்த முறையில்தான் அடங்கியிருக்கிறது. உத்தியோக நிமித்தமாக நான் கொல்கத்தாவில் இருந்த காலத்தில், 1859-இல் நிறுவப்பட்ட டல்ஹவுசி இன்ஸ்டிடியூட் என்ற பழைய கிளப்பில் நடந்துவந்த ஜாஸ் விழாவுக்கு ஒரு நண்பர் அழைத்துப் போனார். உள்ளூர்க்காரர் மூவர் மேடையில் இருந்தனர்: ஒருவர் பியானோவில், ஒருவர் டபுள் பாஸில், ஒருவர் டிரம்ஸில். இம்மூவர் கூட்டத்தையே ரிதம் செக்‌ஷன் என்கிறார்கள். வெளியூரிலிருந்து அன்று மாலைதான் வந்திறங்கிய சாக்ஸபோன் கலைஞர், உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்து, மூங்கிற் சீவலைப் போன்ற அதன் ரீடை நாவில் நனைத்துப் பொருத்திக்கொண்டு, பியானோக்காரரிடம் பாட்டின் பெயரையும் சுருதியையும் இரண்டே வார்த்தையில் சொன்னார். விரலைச் சொடுக்கி நான்கு எண்ணினார். அவ்வளவுதான், நால்வரும் பல்லாண்டு சேர்ந்து வாசித்தவர்களைப்போல ஒரே வேளையில் தொடங்கிவிட்டார்கள். டிரம்ஸ்காரர் குச்சியை எடுக்கவேயில்லை. கம்பி இழைகளாலான இரண்டு பிரஷ்களால் தோலின் மீது வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓசை, மழை தூறத் தொடங்கும்போது தென்னங்கீற்றில் எழுமே, அத்தனை மெல்லியதாக இருந்தது.

ஒத்திகை இல்லாமல் இது எவ்வாறு சாத்தியம்? நம் கச்சேரியில் எவ்வாறு சாத்தியமோ அவ்வாறே. திருச்சியிலிருந்து ஒரு பாடகரும், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வயலின் வித்துவானும், சென்னையிலிருந்து ஒரு மிருதங்க வித்துவானும் மேடையிலேயே முதன்முதல் சந்தித்து ஒரு பல்லவியை நிறைவேற்றிவிடுகிறார்கள் அல்லவா? கீர்த்தனமும் தாளமும் மூவருக்கும் பொதுவுடைமையாக இருப்பதே காரணம். ஜாஸிலும் ‘ஸ்டாண்டர்ட்’ என்று வழங்கும் பழம்பாட்டுக்கள் சில நூறு உண்டு. பெரும்பாலானவை 32 பார்கள் கொண்ட ஆவர்த்தனத்தில் அமைந்தவை. முதலில் மெட்டை அப்படியே வாசிப்பார்கள். பிறகு அந்த 32 பார்களும் திரும்பத் திரும்பச் சுழல, ஒவ்வொருவராகத் தம் மனோதர்மத்தால் புதிதுபுதிதாகச் சங்கதி புனைவார்கள். கடைசியில் நான்கு பார் விருந்தாளிக்கு, நான்கு பார் டிரம்ஸுக்கு என்று மாறிமாறிப் போட்டியிட்டு, மீண்டும் மெட்டில் வந்து முடிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டுத் தலையாட்டுகிற உங்களுக்கு இதன் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் நமக்கு அநுகூலமான ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அதைத்தான் அன்று பொதுக்குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. உள்ளூரில் மூவர் ஆயத்தமாக இருந்தால், வெளியிலிருந்து ஒருவர் வந்தாற்போதும்! ஒரு மெல்லிசைக் குழுவை வரவழைக்க வேண்டுமானால் பத்துப் பதினைந்து பேருக்கு விமானச் சீட்டு, பெட்டி பெட்டியாகச் சாமான்கள். கப்பலில் வரச்செய்தால் சென்னையிலிருந்து மூன்று நாட் பிரயாணம். ஜாஸில் ஒரு மனிதர், ஒரு சாக்ஸபோன் அல்லது ஒரு டிரம்பெட், ஒரு விமானச் சீட்டு. எவ்வளவு கேட்பார் என்று கேட்ட அன்பருக்கு என் விடை இதுதான். கடல் சூழ்ந்த ஊருக்கு இதைவிடச் சிக்கனமான சங்கீத ஏற்பாடு வேறில்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால்தானே வந்த விருந்தாளிக்கு இலை போட முடியும்? நம்மிடம் அந்த மூவர் வேண்டும். விருந்துக் கலைஞரைக் காட்டிலும் அவர்களே முக்கியம்.

இந்தியாவில் ஜாஸ் வேரூன்றியதும் இப்படித்தான். 1935-இல் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு லியோன் ஆபி என்ற கறுப்பர் இனக் கலைஞரின் குழு வந்தது. அதைச் செவியால் கேட்டும் அருகிருந்து பார்த்தும் கற்றுக்கொண்ட கோவா வாத்தியக்காரர்கள் பின்னர் தாமே வித்தகராகி, இந்தித் திரையிசையின் முகத்தையே மாற்றினார்கள். டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோ வித்துவான் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் வாசித்தபோது அவருடைய குழுவில் அமெரிக்கர் மட்டுமா இருந்தனர்? ஆங்கிலோ-இந்தியர் இருந்தனர்; கோவாக்காரர் இருந்தனர்; ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி ரங்கூனிலிருந்து ஓடிவந்தவர்களும் இருந்தனர். 1945-இல் அவர் காலராவுக்கு இரையாகி அந்நகரிலேயே காலமானார். ஆயினும் அவரோடு அமர்ந்து வாசித்தவர்கள் கற்றது அவரோடு போகவில்லை. கார்ல்டன் கிட்டோ என்ற கிதார்க் கலைஞர் 2016-இல் மறையும்வரை கொல்கத்தாவில் எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர் தாமோ பெரும்பாலும் இசைத்தட்டுக்களைக் கேட்டே கற்றவர். விருந்தாளி வந்து போவார்; பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனிடம் வித்தை தங்கிவிடும்.

நம் தீவில் நடப்பதோ வேறு. திருவிழாக் காலங்களில் பெருநிலத்திலிருந்து புகழ்பெற்ற கலைஞர்கள் வருகிறார்கள். பிரம்மாண்டமான மேடையில் ஒரு மணி நேரம் பாடுகிறார்கள். மறுநாட் காலை விமானத்தில் திரும்பிவிடுகிறார்கள். நம் பிள்ளை ஒருவனாவது அவர்களோடு ஒரு பாட்டுக்கு வாசித்ததுண்டா? தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்ததே அவன் பெற்ற கல்வி. இந்த வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

மதுவைப் பற்றிய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஜாஸ் ஓட்டல்களிலும் விடுதிகளிலும் வளர்ந்தது மெய். அந்தச் சார்பினாலேயே 1970-களில் பார்க் தெருவின் கேளிக்கை வரி ஏறி, மின்வெட்டும் ஊர்க் கலவரமும் சேர்ந்தபோது, விடுதிகளின் மேடைகளோடு அந்தச் சங்கீதமும் சரிந்தது. ஆனால் 1978-இல் பம்பாயில் ‘ஜாஸ் யாத்ரா’ தொடங்கியபோது, சானி ராலின்ஸ் போன்ற மகா கலைஞர்களை மக்கள் கேட்டது மதுக்கிண்ணத்தோடு அன்று; விழாவில் நாற்காலியில் அமர்ந்து, நாம் மார்கழிக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார்கள். நம் மன்றத்தில் காபியும் சுண்டலும் போதும். ஜாஸ் மாலைகளில் மது கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். விண்ணப்பம் கொடுத்த பிள்ளைகளுக்கும் அதில் சம்மதமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபின், எந்த நாட்டுச் சங்கீதமும் கைப்பேசியில் நொடியில் கிடைக்கும்போது ஒருவரை ஏன் அழைத்துவர வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கம்பி வந்ததனால்தான் நம் பிள்ளைகள் இந்த இசையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆயினும் கம்பியின் வழியாக வருவது கேட்கத் தரும். கூட வாசிக்கத் தராது. நாம் தவறான இடத்தில் புகுந்தால் நம்மை நிமிர்ந்து பார்த்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து, தலையசைத்து நம்மை உள்ளே அழைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் அதன் வழியே வரமாட்டார்.

நம் ஊரின் சரித்திரத்தையும் எண்ணிப் பாருங்கள். எதிரே தெரியும் ராஸ் தீவில் ஆங்கில அதிகாரிகளுக்கு மாதாகோயிலும் ரொட்டிக் கிடங்கும் கிளப்பும் நடன கூடமும் இருந்தன. கைதிகள் உழைப்பால் எழுந்த அந்தக் கட்டடங்களின் சுவர்களை இன்று ஆலமர வேர்கள் தாங்கி நிற்கின்றன. அந்தக் கிளப்புகளின் வாசலுக்குள் நம்மவர் சேவகராகத்தான் நுழைந்திருப்பர். இன்று நமக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. அதன் கூடத்தில் யார் வாசிக்கலாம், என்ன வாசிக்கலாம் என்று தீர்மானிப்பவர்கள் நாமே. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், 1925 முதல் மாயாபந்தர்ப் பக்கம் குடியேறிய காரென் மக்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட நம் சகோதரர்கள், இவர்களுக்கெல்லாம் முன்பே இத்தீவுகளுக்கு உரியவரான நிக்கோபாரிகள் என்று இத்தனை பேர் ஒரே கரையில் வாழ்கிறோம். தேவாலயங்களில் நிக்கோபாரிகள் பல குரல் சேர்த்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு, சுருதி சேர்க்கும் ஞானம் இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று தெரியும். பற்பல தேசத்து மனிதர் ஒரு துறைமுகத்தில் வந்து சேர்ந்ததனால் உண்டான சங்கீதத்துக்கு நம்மைவிட உரிமையுடைய ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும்?

நான் முன்பு சொன்ன உள்ளூர் வாத்தியக்காரர் மூவரைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் பெண் நம் எஸ்டேட்டிலேயே இருக்கிறாள். பேஸ் கிதார் வாசிக்கும் நிக்கோபாரிப் பையன் கல்லூரியில் படிக்கிறான். மிருதங்கம் கற்றுக்கொண்டு, டிரம்ஸுக்கு ஆசைப்பட்டு, வாத்தியம் இல்லாமல் மரமேஜையில் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை உங்களில் பலர் அறிவீர்கள். மரப் பியானோ வேண்டாம். நம் உப்புக் காற்றும் கறையானும் அதை நீடிக்க விடா. கிதாரின் தந்திகூட இங்கே சில வாரங்களில் துருப்பிடித்துவிடுகிறதென்று அந்தப் பையன் சொன்னான்; மாற்றுத் தந்தி வாங்கக் காசில்லாமல் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து வாசிக்கிறான். நம்மிடம் கேட்கப்படுவது இவ்வளவு சிறிய உதவிதான்.

ஆகவே, அன்பர்களே, நான் வேண்டுவதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கூடத்தை இந்தப் பிள்ளைகளின் பயிற்சிக்கு இலவசமாக விடுங்கள்; அந்த இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி வாடகைக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு டிரம்ஸ் ஒன்று வாங்கி மன்றத்தின் உடைமையாக வையுங்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை அவர்கள் உங்கள் முன்னிலையில் வாசிக்கட்டும். எட்டரை மணிக்கு முடித்துவிடலாம், அயலில் முதியோர் உறக்கத்துக்கு ஒரு குறையும் வராது. பிரஷ் கொண்டு வாசிக்கும் டிரம்ஸுக்குப் பெரிய ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை.

யுனெஸ்கோ 2011-இல் ஏப்ரல் 30-ஆம் நாளைச் சர்வதேச ஜாஸ் தினமாக அறிவித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அது பல நாடுகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. தென்மேற்குப் பருவமழை நம்மை அடைவதற்கு முன் வருகிற நாள் அது. முதல் விருந்துக் கலைஞரை அந்நாளை ஒட்டி அழைப்போம். ஒரே மாலைக்கு வந்து ஓடிவிடாமல் அவர் மூன்று நாட்களாவது தங்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள்: ஒரு நாள் நம் மூவரோடு பழக, ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட, ஒரு நாள் மன்றத்தில் கச்சேரி செய்ய. ஓட்டல் செலவு வேண்டாம். எங்கள் வீட்டு மாடியறையை நான் தருகிறேன், சாப்பாட்டுக்கும் நானே பொறுப்பு. விமானச் சீட்டுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தால் மன்றத்தின் வைப்புநிதியைத் தொடாமலே காரியம் நடக்கும். ஓராண்டு நடத்திப் பாருங்கள். கூடம் காலியாகவே கிடந்தால் நிறுத்திவிடுங்கள், நான் மறுவார்த்தை பேசமாட்டேன்.

தள்ளப்பட்ட பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ள நம் விதிகளின்படி உறுப்பினர் சிலர் கையொப்பமிட்டுக் கோர வேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதி, என் கையொப்பத்தை இட்டு, மன்றத்து நூலக மேஜைமீது வைத்திருக்கிறேன். அன்று ஆட்சேபித்த மூவரும் முதலில் வந்து அதைப் படிக்க வேண்டும். உடன்பட முடியுமானால் ஒப்பமிட வேண்டும். உடன்பட முடியாவிட்டால் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, அந்தப் பிள்ளைகள் இப்போது பழகிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு தங்கள் வாக்கைச் சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் அயலவன்,
குட்வில் எஸ்டேட்